நிறக்கண்ணாடிச் சாளரம்: வெயிலும் மறைவும்

சாளரத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கிவரும் மூன்று சொற்களுள் ஒன்றேனும் கண்ணாடியைச் சுட்டுவதில்லை. 'காலதர்' என்பது காற்று வரும் வழி; கால் காற்றையும் அதர் வழியையும் குறிக்கும். 'சாளரம்' என்பதை வலையைக் குறிக்கும் வடமொழி 'ஜாலக'த்தோடு ஒப்பிடுவர். 'ஜன்னல்' போர்த்துக்கீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது. அதன் இலத்தீன் மூலம் சிறு கதவைக் குறிப்பது. காற்று, பின்னல், கதவு ஆகியவையே இந்நாட்டுச் சாளரத்தின் பழைய இயல்புகள். வெயிலைத் தணித்தல், கண்கூச்சத்தைக் குறைத்தல், உள்ளிருப்போரை மறைத்தல் என நிறக்கண்ணாடி இன்று செய்யும் மூன்று பணிகளும் அதற்கு முன்பே இங்கே நடைபெற்றுவந்தன.

கோவாவின் பழைய வீடுகளில் தட்டையான சிப்பி ஓடுகளைச் சதுரமாக நறுக்கி மரச்சட்டங்களில் செருகியிருப்பதைக் காணலாம். அவை ஒளியை மென்மையாக்கி உள்ளே விடும், பார்வையை விடமாட்டா. ஜெய்ப்பூரில் 1799-இல் சவாய் பிரதாப் சிங் எழுப்பிய ஹவா மகாலில் 953 சிறு சாளரங்கள் உள்ளன. அரசகுல மகளிர் தெருவின் ஊர்வலங்களைப் பிறர் காணாதபடி காண்பதற்காக அமைந்தவை அவை. அம்மாளிகையில் வண்ணக் கண்ணாடிகளும் இடம்பெற்றன; எனினும் காற்றைக் கொணர்ந்தது துளையிட்ட பின்னலே. மாளிகையின் பெயரிலேயே காற்று இருக்கிறது.

மூடிய தெளிகண்ணாடி இந்த ஒழுங்கைக் குலைத்தது. அது காற்றை நிறுத்தி வெயிலை உள்ளே விட்டது. கதிரவனிடமிருந்து நம்மை வந்தடையும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. தெளிகண்ணாடி அதில் பெரும்பகுதியை ஊடுருவ விடும். உள்ளே சூடேறிய பொருள்கள் வெளியிடும் நீண்ட அலைக் கதிர்களையோ திரும்பிச் செல்ல விடாது. வெயிலில் நிறுத்திய கார் உலைபோல் கொதிப்பது இதனால்தான். நிறக்கண்ணாடியின் தேவை, கண்ணாடியே உண்டாக்கிய சிக்கலிலிருந்து பிறந்தது.

அத்தீர்வுகள் ஒரே தரத்தன அல்ல. உருகுநிலையில் இரும்பு ஆக்சைடு சேர்த்த பச்சைநிறக் கண்ணாடி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், தானும் சூடேறும். வெள்ளியின் மிக மெல்லிய பூச்சு, ஒளியை விட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். மலிவான கரும்படலமோ முதன்மையாகக் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான். ஆகவே கருமை மிகுந்தால் குளிர்ச்சியும் மிகும் என்னும் பொதுநம்பிக்கை பிழையானது. குளிர்ச்சியும் மறைவும் தனித்தனிப் பண்புகள். ஒன்றைப் பெற மற்றொன்றை வாங்கியாக வேண்டியதில்லை.

இந்திய நீதிமன்றத்தின் முன் 2012-இல் வந்த வழக்கின் உட்கருவும் இதுவே. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி, முன்பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை ஊடுருவ விட வேண்டும் என்கிறது. கருங்கண்ணாடி வாகனங்கள் குற்றங்களுக்கு மறைவிடமாகின்றன எனக் கூறி அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உற்பத்தியின்போதே விதிப்படி நிறமேற்றிய கண்ணாடிக்குத் தடையில்லை. பின்னர் எந்தப் படலத்தையும் ஒட்டலாகாது என்றது. ஆக, வெயிலைத் தடுக்கும் உரிமை எஞ்சியது. முற்றிலும் மறைந்து செல்லும் வசதி நீங்கியது.

பின்னர் விதியே மாறியது. 2020-இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், உட்புறம் நெகிழிப் படலம் சேர்ந்த கண்ணாடியையும் ஏற்றது. 70, 50 என்னும் வரம்புகளுக்கு உட்பட்ட படலத்துக்காகத் தண்டம் விதிக்க முடியாது என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஒட்டியதா, உருக்கிச் சேர்த்ததா என்னும் கேள்வி பின்னுக்குச் செல்ல, எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது என்னும் அளவு முன்னுக்கு வந்தது.

இவ்வரலாற்றில் தீராத கேள்வி ஒன்றுண்டு. 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பெற்றோரின் அலுவல் வாகனங்களுக்கு மட்டும் உரிய குழு விலக்கு அளிக்கலாம் என்று இடம் விட்டது. அச்சுறுத்தலுக்கு உள்ளானோர்க்கு மறைவு தேவை என்பதில் நியாயமுண்டு. ஆனால் இரவில் தனியே வண்டியோட்டும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருவது எது? தான் தெரியாதிருப்பதா, தனக்கு நேர்வது பிறர்க்குத் தெரிவதா? நீதிமன்றம் இரண்டாவதன் பக்கம் நின்றது. ஹவா மகாலோ முதலாவதற்காகக் கட்டப்பட்டது. அங்கே மறைவு, பாதுகாப்பாகவும் சிறையாகவும் ஒருங்கே இருந்தது.

நிறக்கண்ணாடியின் பயனை வெப்ப அளவால் மட்டும் மதிப்பிடும் நூல்கள் இக்கேள்வியைத் தொடுவதில்லை. அதன் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு சாளரத்திடமும் இரண்டைக் கேட்க வேண்டும்: எவ்வளவு வெயிலைத் தடுத்தது? யாரை யாரிடமிருந்து மறைத்தது?