உப்பு தின்னும் இரும்பு

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1974-ல் மாவட்டம் உருவானபோது தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடிப் பகுதியும் சேர்ந்தது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடல் நமக்கு வந்தது அப்படித்தான். கூடவே உப்புக்காற்றும் வந்தது.

பனி கொட்டும் நாடுகளில் ரோட்டில் உப்பைத் தூவுவார்கள். உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாது, வண்டி வழுக்காது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் 1938-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. பழக்கம் பரவியது, கார்களின் அடிப்பாகம் துருப்பிடித்தது. நம்மூரில் அந்த வேலையை ஐஸ் பெட்டி செய்கிறது. மீன் லோடில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீரோடு சேஸிஸ் மேல் சொட்டுகிறது. கடன் வாங்கி எடுத்த வேனுக்கு, தவணை முடியுமுன்னே டிங்கரிங் செலவு வந்தால் குடும்பம் என்ன செய்யும்?

இதற்கு மருந்து தேடிய கதை பழசு. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் செம்புத் தகட்டைக் காக்க அதோடு துத்தநாகம், இரும்புத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். துண்டு கரைந்தது, செம்பு தப்பியது. 1837-ல் பிரான்சில் சோரெல், இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம்ம வீட்டு ஜி.ஐ. வாளி அந்த வம்சம்தான். 1970-களின் நடுவில் போர்ஷே தன் 911 காரின் உடலுக்கே அந்தத் தகட்டைப் போட்டது.

இந்த ஆராய்ச்சிக்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. துரு அதன் முக்கியப் பாடங்களில் ஒன்று. மண்டபத்திலும் அதற்குக் கிளை உண்டு.

மண்டபம் என்றதும் பாம்பன் பாலம் நினைவுக்கு வரும். 1914-ல் திறந்தது, இடைவிடாத பராமரிப்பில் நூறு வருஷம் தாண்டி நின்றது. கடைசியில் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பெயிண்ட்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பூச்சு நேரம் வாங்கித் தரும், பராமரிப்புதான் காப்பாற்றும். லோடு இறக்கியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவணும். கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பு போகாது, சேரும். கதவடித் துளைகள் அடைக்காமல் இருக்கணும், உள்ளே ஈரம் தேங்கக் கூடாது. அண்டர்கோட்டிங் அடிக்குமுன் துருவைச் சுரண்டணும். மேலே மூடிவிட்டால் அது உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கும்.