வரையக் கற்றுத் தந்த ராணி காமிக்ஸ் (1984–2005)

தினத்தந்தி குழுமத்தின் வெளியீடாக 1984-இல் பிறந்து, மாதம் இருமுறை கடைக்கு வந்து, 500 இதழ்கள் கண்டு, 2005-இல் நின்றுபோனது ராணி காமிக்ஸ். வாசிக்கும் பழக்கத்தை அதனிடம் பெற்றவர்கள் ஏராளம். நான் பட்ட கடன் வேறு. பிழைப்புக்கு ஒரு வேலை, ஆசைக்கு ஓவியம் என்று இருக்கிற என் போன்றவர்களுக்கு அதுதான் முதல் வாத்தியார்.

எங்கள் பள்ளி ஓவிய வகுப்பில் பூசணிக்காய் உண்டு, குடம் உண்டு, பூக்கொடி உண்டு. ஓடுகிற மனிதனை எப்படி வரைவது, திரும்பிப் பார்க்கிற கழுத்தை எப்படி வரைவது என்று சொல்லித்தர ஊரில் ஆளில்லை. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய அந்தச் சிறிய புத்தகம், சில்லறைக் காசுக்கு அதைச் சொல்லித் தந்தது.

தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தவர் ஜேம்ஸ் பாண்ட். லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் தினம் ஒரு வரிசையாக வந்த படக்கதைகள் அவை. 1958 முதல் வரைந்த ஜான் மெக்லஸ்கியின் கோடு தெளிவானது, அடக்கமானது. 1966-இல் அந்த வேலையை ஏற்ற யாரோஸ்லாவ் ஹோராக் அதற்கு நேரெதிர். அவருடைய தூரிகை முரட்டுத்தனமாகப் பாயும். முகத்தில் பாதியைக் கறுப்பு விழுங்கிவிடும். ஒளி படும் பக்கத்தை மட்டும் வரைந்தால் மறுபாதியைப் பார்ப்பவர் மனமே முடித்துக்கொள்ளும் என்பதை அவருடைய கட்டங்களில்தான் கண்டேன். வண்ணம் இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. மட்டமான தாளில் கறுப்பு மை மட்டும் இருந்ததால், எந்தக் கோடு எதற்காக நிற்கிறது என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது.

பிறகு மாயாவி. லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரர். 1961 முதல் 1994 வரை அவரை வரைந்தவர் சை பாரி. புதிதாக வரையத் தொடங்கும் பிள்ளைக்கு மாயாவி பெரிய வரம். உடம்போடு ஒட்டிய உடை என்பதால் சட்டை மடிப்பு கிடையாது. தோளும் தொடையும் தசையோடு அப்படியே தெரியும். முகமூடிக்குள் கருவிழி கிடையாது, வெறும் வெள்ளை. முகத்தில் கைக்கு அடங்காத உறுப்பு கண்தானே? அதைத் தள்ளிவைத்துவிட்டு உடலின் நிலையையும் அசைவையும் முதலில் பழக முடிந்தது.

அந்தக் காலத்து நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தாளில் தேங்காய் எண்ணெய் தடவி ஊடு தெரியச் செய்து படியெடுத்தவை. பென்சிலால் கட்டம் போட்டுப் பெரிதாக்கியவை. பிறகு எதையும் பார்க்காமல் நானாக வரைந்தவை. இப்போது புரட்டினால் எந்தக் கை யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். எங்கள் தெருக் கோயில் திருவிழாவை வரைந்த பக்கத்தில் வேட்டி கட்டிய ஆள் மாயாவியைப் போல இடுப்பை முறுக்கி நிற்கிறார். பந்தல் கம்பத்துக்குப் பின்னால் விழுந்திருப்பது ஹோராக்கின் நிழல். அந்தப் பக்கங்களின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. பார்த்துப் போட்டுப் பழகிய கை, தன் தெருவைப் பார்க்கத் தொடங்கிய இடம் அது.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி வந்தது. அதன் பின்னால் கணினி விளையாட்டு வந்தது. பிள்ளைகளின் மாலைப்பொழுது அங்கே போக, ராணி காமிக்ஸ் ஓய்ந்தது. சிவகாசியில் 1972-இல் பிறந்த முத்து காமிக்ஸும், 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸும் இன்னும் வருகின்றன. 2012-இல் நூறு ரூபாய் இதழோடு லயன் புத்துயிர் பெற்றது. நல்ல தாள், முழு வண்ணம், பெரிய அளவு. மகிழ்ச்சியோடு வாங்குகிறேன். ஆனால் அதை வாங்குகிற கை பெரும்பாலும் என் வயதுக் கை. அந்த வண்ணப் பக்கங்களைப் பத்து வயதுப் பிள்ளையால் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு பின்தொடர முடியாது.

நமக்குப் போனது அதுதான்: கையிலுள்ள காசுக்குக் கிடைத்து, கையிலுள்ள பென்சிலுக்கு எட்டிய ஒரு கலை. மெக்லஸ்கி, ஹோராக், பாரி என்ற பெயர்கள் அப்போது எனக்குத் தெரியாது. என் கைக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆள் வரைகிற பிள்ளை இருந்தால், பழைய புத்தகக் கடையில் தேடி ஒரு கறுப்பு வெள்ளைப் படக்கதை வாங்கிக் கொடுங்கள். அதை வரைந்தவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.