பெரட்டுக் களத்தில் பிறந்த பதிவேடு

கல்லாற்றைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. வழியெங்கும் தேயிலை. திருவிதாங்கூர் மலைகளின் இத்தகைய தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்திருக்கின்றன. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு வந்தவரின் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறும், ஏறினால்தான் கூலி. எந்த மலைக்கு எத்தனை ஆள் என்று பிரிப்பதும் அதை வைத்துத்தான். நிறுவனத்தின் தேவைக்கு ஆளைப் பொருத்தும் பதிவேட்டின் இளமைக்காலம் அது.

அதன் கொடிய பருவம் இலங்கையில் கழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து கப்பலேறிய தொழிலாளியிடம் தோட்ட எண் பொறித்த தகர வில்லை ஒன்று இருந்தது. தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும். அதில் எழுதியிருந்தது அவருடைய திறமை அல்ல, கடன். அந்தக் கடனை அடைக்கப் புதுத் தோட்டம் முன்வந்தால்தான் அவருக்கு விடுதலை. தன்னைப் பற்றிய தாளில் தனக்கே உரிமையில்லை. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

பதிவேட்டின் அடுத்த பருவம் நகரத்தில். 1990இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் உருவானது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. இத்தகைய இடங்களில் பதிவேடு கணினிக்குள் குடியேறியது. வருகையோடு படிப்பு, பயிற்சி, செய்த திட்டங்கள், மேலாளர் தந்த மதிப்பெண் எல்லாம் சேர்ந்தன.

இப்போது அதைச் செயற்கை நுண்ணறிவு படிக்கிறது. மின்வாகன மென்பொருளில் இறங்க ஒரு நிறுவனம் முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான திறன் யாரிடம் இருக்கிறது, யாரைச் சில மாதங்களில் பயிற்றலாம், எத்தனை பேரை வெளியிலிருந்து எடுக்க வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொல்கிறது. இதில் நன்மை உண்டு. பிரான்சின் ஷ்னைடர் எலக்ட்ரிக் நிறுவனம், உள்ளே இருக்கும் வாய்ப்பு கண்ணில் படாமல் ஊழியர்கள் விலகுவதைக் கண்டு, அவர்களையும் வேலைகளையும் இணைக்கும் உள்சந்தையை இந்த நுட்பத்தால் அமைத்தது.

ஆனால் பழைய பதிவேட்டில் படிந்த பாரபட்சத்தையும் இயந்திரம் கற்றுக்கொள்ளும். அமேசான் சோதித்த ஆளெடுப்புக் கருவி பத்தாண்டு விண்ணப்பங்களைப் படித்துப் பழகியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்களைக் குறிக்கும் சொல் வந்த விண்ணப்பங்களுக்கு அது மதிப்பைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஆளெடுப்பு, பதவி உயர்வு போன்றவற்றுக்கான செயற்கை நுண்ணறிவை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலே கையாள இடம் தருகிறது. தரவைப் பார்க்கவும் திருத்தவும் அது தரும் உரிமை, சம்மதத்தின் பேரில் பெற்ற தரவுக்கே உரியது.

இந்த இடைவெளி அடைக்கப்பட வேண்டும். துண்டு முறையின் கொடுமை, எழுதப்பட்டவருக்கு அந்த எழுத்தின் மீது அதிகாரம் இல்லாததில்தான் இருந்தது. ஊழியர்களே, உங்களைப் பற்றி இயந்திரம் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று நிறுவனத்திடம் கேளுங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சங்கங்கள் கூலியோடு இதையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டு வரட்டும்.