பிடியரிசியும் கடல் கடந்த காசும்: மதுரைச் சபைகளின் ஈகை வரலாறு

மதுரைப் பக்கத்துத் தேவாலயங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ‘வெளிநாட்டுப் பணம்’ என்ற சொல் கூடவே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்தப் பணத்தில் எழுந்தவை, சபையார் வாங்கிக்கொண்டவர்கள் மட்டுமே என்பது பொதுவான எண்ணம். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் காசை அனுப்பியவர்கள் யார், இங்கிருந்த ஏழைச் சபையார் தம் பங்குக்கு என்ன கொடுத்தார்கள், வாங்கிப் பழகிய சபை எப்போது கடல் தாண்டிக் கொடுக்கத் தொடங்கியது ஆகிய மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் மீதிப் பாதி தெரியும்.

இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். அவருக்கு முன்பே அதே சபையின் கொன்சாலோ பெர்னாண்டஸ் இங்கு ஒரு சிறு கோயிலை நடத்திவந்தார். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது மதுரை மிஷனும் தளர்ந்தது. அந்தச் சபைக்கு மறுபடி உயிர் கிடைத்து, பிரெஞ்சுக் குருக்கள் 1830-களின் இறுதியில் இங்கே வந்தார்கள். இந்தப் புதிய மதுரை மிஷனுக்குப் பொருள் தந்த முக்கிய ஊற்றுகளில் ஒன்று, பிரான்சின் லியோன் நகரில் 1822-இல் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சங்கம். அதற்கு வித்திட்டவர் போலின் ழரிக்கோ என்ற இளம்பெண். பத்துப் பேர் ஒரு குழு. ஆளுக்கு வாரம் ஒரு சூ, அதாவது ஒரு சின்னக் காசு. குழுவுக்கு ஒருவர் தண்டல் செய்து மேலே சேர்ப்பார். பட்டு ஆலைத் தொழிலாளிகள் அந்தக் காசைப் போட்டார்கள். ‘வெளிநாட்டுப் பணம்’ என்றதும் நம் கண்முன் செல்வந்தர் ஒருவர்தான் வந்து நிற்கிறார். லியோனில் கொடுத்தவர்களோ வாரக் கூலிக்காரர்கள். இதை நம் வரலாறுகள் போதிய அளவு சொல்லவில்லை.

சீர்திருத்தச் சபைகளின் கதை வேறு வழியாக வருகிறது. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கம் 1810-இல் பிறந்தது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தது. அங்கிருந்து அதன் மிஷனரி லெவி ஸ்பால்டிங் 1834-இன் தொடக்கத்தில் மதுரையைப் பார்க்க வந்தார். அதே ஆண்டில் ஹாய்சிங்டன், டாட் என்ற மிஷனரிகள் யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களோடு வந்து அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பணம் முதலில் பாக் நீரிணையைக் கடந்துதான் மதுரைக்குள் நுழைந்தது. இந்த நீரிணை பிறகும் இந்தக் கதையில் வரும்.

1876–78 தாது வருஷப் பஞ்சம் இந்தச் சமவெளியை உலுக்கியது. லண்டன் மேயர் 1877-இல் தொடங்கிய மான்ஷன் ஹவுஸ் நிதி சென்னை மாகாணம் முழுதுக்கும் வந்தது. அதைப் பகிர்ந்தளிக்கும் வேலையில் மிஷனரிகளும் பங்கெடுத்தார்கள். நெல் கிடைக்காத குடும்பங்கள் தொண்டி, அம்மாபட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் தோணியேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. நிவாரணப் பணம் ஊருக்குள் வந்தபோதே ஊர்க்காரர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மிஷன் மருத்துவமனையின் கதையும் ஒற்றைத் திசையில் ஓடவில்லை. மருத்துவர் பிராங்க் வான் ஆலன் கட்டிய ஆஸ்பத்திரிக்கு மதுரை வட்டாரத்து ஜமீன்தார்களும் இந்துச் செல்வர்களும் பொருள் தந்தார்கள். அமெரிக்க மிஷனின் பெயர் தாங்கிய கட்டடத்தில் இந்த மண்ணின் பணமும் இருக்கிறது.

சபையார் கொடுத்தது எது என்ற கேள்விக்கு விடை அடுப்பங்கரையில் இருக்கிறது. உலை வைக்க அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவது, அங்கே மொத்தமாகப் படியால் அளந்து விற்றுக் கணக்கில் சேர்ப்பது: இதுதான் பிடியரிசி. உபதேசியாரின் சம்பளத்துக்கும் சபையின் ஏழைகளுக்கும் அது போனது. மடங்களும் பிற அமைப்புகளும்கூட இதே முறையைக் கையாண்டிருப்பதால் இதைக் கிறித்தவத்துக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. தமிழ் வீட்டுப் பழக்கத்தைச் சபை எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. கையில் காசு புழங்காத பெண்ணுக்கு அரிசிப் பானையின் மேல் மட்டும் உரிமை இருந்தது. அந்த உரிமையிலிருந்து அவள் கொடுத்தாள். மிஷனின் அச்சிட்ட அறிக்கைகளில் தொகை இருக்கும். அவள் பெயர் இருக்காது.

மண்ணுக்கு ஏற்பக் காணிக்கையும் மாறியது. 1895-இல் பெரியாறு அணை திறந்தபின் தண்ணீர் பாய்ந்த மேலூர்ப் பக்கத்தில் நெல் வந்தது. திருமங்கலத்துக் கரிசலில் பருத்தியும் சோளமும் கம்பும் வந்தன. மழை தப்பிய வருஷம் கோயில் கணக்கிலும் மழை தப்பியது. அப்படிப்பட்ட வருமானத்தை நம்பிப் போதகரை வைத்துக்கொண்ட சபைகளின் துணிச்சலை எளிதாகக் கடந்துவிட முடியாது.

திருப்பம் 1900-ஐ ஒட்டி வந்தது. யாழ்ப்பாணக் கிறித்தவ மாணவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி ஓர் அயல்நாட்டு மிஷன் சங்கத்தை அமைத்தார்கள். அவர்களுக்கு அயல்நாடு எது? எதிர்க்கரையில் இருக்கும் தொண்டி. பஞ்சத்தில் கூலிகள் தோணியேறிய அதே கரைக்கு, யாழ்ப்பாணத்துத் தமிழர் தம் செலவில் ஊழியரை அனுப்பினார்கள். வெள்ளைக்காரர் கொடுப்பார், தமிழர் பெறுவார் என்றிருந்த ஏற்பாட்டை மாணவர்கள் மாற்றிவிட்டார்கள்.

1902-இல் யாழ்ப்பாணம் போன வே. ச. அசரியா இதைப் பார்த்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர், அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். தன் ஊர்ச் சபை யாழ்ப்பாணத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியது, அது வெளியே யாரையும் அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1903 பிப்ரவரியில் இந்திய மிஷனரி சங்கம் திருநெல்வேலியில் உருவாகி, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்னக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பியது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதில் அசரியாவோடு சேலத்துக்காரரான கே. டி. பாலும் இருந்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்தியத் தலைமை என்பது இவ்விரு சங்கங்களின் நெறி. நாட்டரசியலில் சுதேசி இயக்கம் எழுந்த அதே 1905 இது. சபையின் காணிக்கைத் தட்டும் அந்தக் காற்றிலிருந்து விலகி நிற்கவில்லை. இந்தச் சங்கங்களுக்கான பொறி தொண்டியிலிருந்து, அமெரிக்க மதுரை மிஷனின் கடலோரத்திலிருந்து கிளம்பியது என்பதை மதுரை வரலாற்றில் அழுத்திச் சொல்லவேண்டும்.

அடுத்து வந்த நிர்வாக மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1938-இல் மதுரை கத்தோலிக்க மறைமாவட்டமாயிற்று, 1953-இல் உயர்மறைமாவட்டம். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மதுரை–இராமநாதபுரம் பேராயத்துக்கு லெஸ்லி நியூபிகின் முதல் பேராயராக வந்தார். கிராமச் சபைகளைச் சம்பளமில்லாத உள்ளூர்த் தலைவர்கள் நடத்தமுடியும் என்று நம்பியவர் அவர். வெளிப்பணம் நின்றாலும் சபை நிற்கவேண்டும் என்ற கவலை அதற்குள் இருந்தது.

கத்தோலிக்கப் பங்கிலோ ஓர் அருமையான வட்டம் நிறைவானது. லியோன் சங்கத்தைத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1922-இல் ரோமுக்கு மாற்றினார். 1926-இல் உலக மறைபரப்பு ஞாயிறை ஏற்படுத்தினார். அக்டோபரில் அந்த ஞாயிறன்று மதுரைப் பங்குகளில் எடுக்கும் காணிக்கை சேர்வது, ஒரு காலத்தில் மதுரை மிஷனைத் தாங்கிய அதே நிதியில்தான். பட்டுத் தொழிலாளியின் சூ இருந்த பெட்டியில் இன்று கிழக்கு வெளிவீதிப் பங்குக்காரரின் பத்து ரூபாய் விழுகிறது. ஆப்பிரிக்காவில் ஒரு ஏழை மறைமாவட்டம் அதைப் பெறக்கூடும். தவக்காலத்தில் காரித்தாஸ் இந்தியாவுக்குத் திரட்டும் காணிக்கை வேறு. 1962-இல் தொடங்கிய அந்த அமைப்பு பசியும் நோயும் நீங்க உள்நாட்டிலேயே அதைச் செலவிடுகிறது. 1833-இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபையின் பங்குக் கிளைகளோ இருவர் இருவராக வீடு வீடாகப் போய் நோயாளியையும் விதவையையும் பார்த்துவருகின்றன. கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றி வரும்; யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தெரியாது.

இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் நீரிணை மறுபடி கதைக்குள் வந்தது. ஒரு காலத்தில் தோட்டக் கூலிகளைத் தங்கவைத்து இலங்கைக்கு அனுப்பிய மண்டபம் முகாமில், இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்கள் இறங்கினார்கள். மதுரையைச் சுற்றிலும் முகாம்கள் எழுந்தன. 1990 முதல் தமிழ்நாட்டில் இயங்கிய இயேசு சபை அகதிகள் பணி போன்ற அமைப்புகள் முகாம்களுக்குள் கல்வியைக் கொண்டுபோயின. கடல் தாண்டி அனுப்பவேண்டிய உதவியை இப்போது பஸ் ஏறிப் போய்க் கொடுக்க முடிந்தது.

இதற்கிடையே, வெளியிலிருந்து வரும் பணத்தைக் கட்டுப்படுத்தும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976-இல் வந்து, 2010-இல் மாற்றி எழுதப்பட்டு, 2020 திருத்தத்தில் இறுகியது. பணம் தில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகத்தான் வரலாம். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த வரம்பு 20-ஆகக் குறைந்தது. வெளிப்பணத்தை நம்பிய திட்டங்களுக்கு இது பெருஞ்சுமை. ஊர்க் காணிக்கையில் நடந்தவற்றை இந்தச் சட்டம் தொடவில்லை.

மேலூர்ப் பக்கத்து ஒரு சிறு சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருக்கிறேன். பந்தலின் கீழே பூசணியும் முருங்கைக்காயும், கால் கட்டிய சேவல் ஒன்றும், முதல் காய்ப்புத் தேங்காய் நான்கும். தேங்காயை ஏலத்தில் எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுத் தேங்காயைத் திருப்பி மேசைமேல் வைத்தார்; அது மறுபடி ஏலம் போயிற்று, பிறகு இன்னொரு முறையும். ஓரத்தில் ஒரு மூதாட்டி பிடியரிசிக் கலயத்தைக் கவிழ்த்தார். பொருளாளர் படியில் அளந்து, விளிம்பைக் கையால் வழித்து, மூன்றேகால் படி என்று நோட்டில் எழுதினார். கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த நாலைந்து அரிசியையும் அந்த அம்மா விரலால் தடவி எடுத்துக் குவியலில் போட்டார்.