தலைவர் சுமத்திய பழி

மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வளர்ந்த சி. ராமசுவாமி, சென்னை கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 1936இல் ஏறத்தாழ 40 வயதில் இந்திய கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனபோது, அணிக்குள் அனல் பறந்துகொண்டிருந்தது.

தலைவர் விஸ்ஸி, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விஜயநகரம் ஜமீன் குடும்பத்தவர். ஆட்டத்தைவிடச் செல்வாக்கால் தலைமைக்கு வந்தவர். லார்ட்ஸில் மைனர் கவுண்டீஸ் அணியுடனான ஆட்டத்தில், காலில் பேட் கட்டிக் காத்திருந்த லாலா அமர்நாத்தை விட்டுவிட்டு மற்றவர்களை வரிசையாக அனுப்பினார். கடைசியில் களமிறங்கித் திரும்பிய அமர்நாத், ஆட்டப் பொருள்களை வீசிப் பஞ்சாபியில் பொரிந்து தள்ளினார்.

அவ்வளவுதான். ஒழுங்கீனம் என்று குற்றஞ்சாட்டி, முதல் டெஸ்டுக்கு முன்பே அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

அணியின் நன்மைக்கென்று எடுத்த முடிவு அணிக்கு உதவவில்லை. 3 டெஸ்டுகளில் 2 தோல்வி. விஸ்ஸியின் மொத்த ஓட்டங்கள் 33. மான்செஸ்டரில் அறிமுகமான ராமசுவாமியோ 40, 60 என்று அடித்து, ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41 சேர்த்தார். சராசரி 56.66.

பம்பாய் தலைமை நீதிபதி ஜான் பியூமாண்ட் தலைமையிலான விசாரணைக் குழு 1937இல் அமர்நாத் மீதான பழியைத் துடைத்தது. விஸ்ஸியின் தலைமையைக் கடுமையாகச் சாடியது. விஸ்ஸி அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் டெஸ்ட் அணித்தலைவராக 1947இல் ஆஸ்திரேலியா சென்றவர், அதே அமர்நாத்.