குருக்களில்லாக் காலத்தில் நம் முன்னோர்

யாழ்ப்பாணத் திருச்சபையின் வரலாறு என்றதும் ஆயர்களும் குருக்களும் அவர்கள் எழுப்பிய ஆலயங்களுமே நம் நினைவுக்கு வருவதுண்டு. யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், குருக்களே இல்லாதிருந்த 29 ஆண்டுகளையும் நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

இம்மண்ணின் விசுவாசம் ஆதியிலேயே இரத்தம் சிந்தி வேரூன்றியது. 1544இல் மன்னாரில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானோர் சங்கிலி மன்னனின் ஆணையால் வேதசாட்சிகளாய் மடிந்தனர். பின்னர் போர்த்துக்கேயர் காலத்தில் ஊர்கள்தோறும் கோவில்கள் எழுந்தன.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. குருக்கள் நாடுகடத்தப்பட்டனர், அவர்களுக்குப் புகலிடம் அளிப்பதும் குற்றமாயிற்று. கோவில்கள் சீர்திருத்த சபைக்குரியவையாயின. விவாகமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் அங்கேயே பதியப்படவேண்டியிருந்ததால், வெளிக்கு அடங்கி நடந்தவர்களும் பலர். அவர்களைக் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு? கதவடைத்த வீட்டினுள் செபமாலை சொல்லித் தம் மக்களுக்கு மந்திரங்களைக் கற்பித்தவர்களும் அவர்களே. மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருச்சுரூபத்தோடு மடுக் காட்டில் தஞ்சம் புகுந்தது இக்காலத்திலேயே என்பது நம் முன்னோர் வழிவந்த மரபு.

1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார். கழுத்திலே செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் ஆபத்தை அறிந்தும் அவரை மறைத்துவைத்துக் காத்தனர். இரவிலே திருப்பலி நடந்தது. ஒல்லாந்தர் தேடுதல் நடத்தி விசுவாசிகளைத் தண்டித்தபோதும் அவரைக் காட்டிக்கொடுத்தாரில்லை. பின்னர் அவர் 1692இல் கண்டி சென்று, ஒற்றரெனச் சிறைப்பட்டு, விடுதலையானபின் அங்கேயே உழைத்து 1711இல் இறைவனடி சேர்ந்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் தடைகள் நீங்கின. 1847இல் அமலமரித் தியாகிகள் சபையினர் வந்தனர். 1886இல் யாழ்ப்பாணம் மறைமாவட்டமாயிற்று. 1981இல் மன்னார் தனி மறைமாவட்டமாய்ப் பிரிந்தது. 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தி, அன்றே மடுத் திருப்பதியிலும் செபித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! அடிகளார் வந்தபோது அவரை வரவேற்க இங்கே விசுவாசிகள் இருந்தனர். அவர்களை அதுவரை காத்தது வீட்டுச் செபம். இன்று நம் இல்லங்களில் மாலைநேரச் செபமாலை ஒலிக்கின்றதா? இந்த யூபிலி ஆண்டில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இதுவே.