சீதன வீடும் 65 மீற்றரும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீட்டுரிமையின் வரலாறு

கல்முனையில் ஒரு பேர்ச் காணிக்குச் சொல்லப்படும் விலையைக் கேட்டு வெளியூர்க்காரர் திகைப்பதுண்டு. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய மணற்பட்டி, வேறு எப்படி இருக்கும் என்பது உள்ளூரில் கிடைக்கும் வழக்கமான விளக்கம். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கொழும்பு - மட்டக்களப்பு நெடுஞ்சாலையின் இருபுறமும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த விளக்கம் பாதிதான். ஒரு குடும்பத்துக்கு எத்தனை வீடு வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். இக்கரையோரத்தில் அதற்கு விடை பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. அரசும் கொடையாளரும் வகுத்த வீட்டுத் திட்டங்கள் பல இந்த உண்மையைக் காணாமல் வகுக்கப்பட்டவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் அயலிலுள்ள தமிழரிடமும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவுகிறது. குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த வழக்கமும் இதிலிருந்தே வந்தது. 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008-இல் வெளிவந்த தம் நூலில் இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குடியின் பெயரைச் சொல்லத் தெரியாத இளைஞர்கள் இன்று பலர். இருந்தும் குடிமுறையின் பொருளாதாரத் தூண் அசையவில்லை. அந்தத் தூண்தான் சீதன வீடு.

வழக்கம் இப்படி. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் வளவும் அவள் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். சில காலத்தின் பின் பெற்றோரும் கல்யாணமாகாத பிள்ளைகளும் அதே வளவிலோ பக்கத்திலோ வேறொரு வீட்டைக் கட்டிக்கொண்டு விலகுவார்கள். அடுத்த குமருக்கு, அதாவது கல்யாணமாகாத மகளுக்கு, அந்த வீடு, பெற்றோருக்கு இன்னொன்று. கடைசி மகளுக்கும் எழுதிக் கொடுத்த பிறகு முதுமையில் வாப்பாவும் உம்மாவும் அவளோடு ஒரு அறையில் ஒதுங்குவார்கள். முன்யோசனையுள்ளவர்கள் உறுதியில் சீவிய உரித்தை வைத்துக்கொள்வதும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்குப் பிறந்த வீட்டில் பங்கு பேசப்படுவது அபூர்வம். தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடிக்கும் வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது அண்ணன்மாரின் கடமையாகவே கருதப்பட்டது.

எழுதப்பட்ட சட்டம் இவ்வழக்கத்துக்கு வெளியேதான் நடந்தது. மட்டக்களப்புப் பகுதியின் முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876-இல் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டின் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கிழந்தது. முஸ்லிம்களுக்கு 1931-ஆம் ஆண்டின் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இஸ்லாமிய வாரிசு விதியை உறுதிப்படுத்தியது. அவ்விதிப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. வாப்பா உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்கு எழுதிவிட்டால், அவர் மௌத்தான பிறகு பங்கிட அந்த வீடு மிஞ்சாது. ஷரீஅத்தை மீறாமலே தாய்வழி வழக்கம் பிழைத்தது இந்த வழியாகத்தான். 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகள் தரப்பு மாப்பிள்ளையிடம் கொடுக்கும் கைக்கூலி என்பதற்குத் தரும் வரைவிலக்கணத்தில் பணமும் அசையும் சொத்தும் மட்டுமே அடங்குகின்றன. காதியிடம் போகும் வழக்கில் சீதனத்தின் மிகப் பெரிய கூறான வீடு சட்டத்தின் கண்ணில் படாமலே போகிறது. சீதனம் வாங்கவில்லை, மஹர் கொடுத்தே முடித்தோம் என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்களிலும் வீடு கேள்வியின்றி வந்து சேர்கிறது. கேட்காமல் கிடைப்பதற்குச் சீதனம் என்று பெயர் வைக்க யாரும் விரும்புவதில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் திறந்துகொண்ட வளைகுடா வேலைவாய்ப்பு இவ்வழக்கத்தைத் தளர்த்தவில்லை. கல்லும் சீமெந்தும் கொடுத்து இறுக்கியது. கிடுகு வேய்ந்த வீடு ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு தட்டு வீடானது. பிள்ளைகள் பெருக, வளவுகள் துண்டாயின. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் குடியிருப்புத் துண்டின் பொதுவான குறைந்தபட்ச அளவை 150 சதுர மீற்றராக, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சாக வகுத்தன. 20 பேர்ச் வளவை நான்கு மகள்மாருக்குப் பங்கிடும் வாப்பாவுக்கு அந்த விதி தடை. மேற்கே வயலை நிரப்பலாம் என்றால், 2000-ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். எஞ்சியது கடற்கரை. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் அலை எட்டும் தூரத்தில் வீடுகள் நெருங்கி நின்றதற்கு அறியாமை காரணமல்ல.

2004 டிசம்பர் 26 அந்த நெருக்கத்தின் விலையைக் காட்டியது. இலங்கையில் சுனாமிக்கு அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் 10,000-க்கும் மேல். அடுத்து வந்தது, கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டத் தடை விதித்த பாதுகாப்பு வலயம். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று அரசு அறிவித்தது. கல்முனை போன்ற ஒடுங்கிய ஊரில் 200 மீற்றர் என்பது எத்தனையோ ஆயிரம் உறுதிகளைச் செல்லாக் காசாக்கும் அளவு. எதிர்ப்பும் காணித் தட்டுப்பாடும் சேர்ந்து அவ்விதியைத் தளர்த்தின. இப்பகுதியில் 65 மீற்றர் என்ற எல்லை நிலைத்தது. மருதமுனை மேட்டுவட்டையில் எழுந்த குடியிருப்பை மக்கள் இன்றும் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே அழைக்கிறார்கள்.

தூரத்தைவிட ஆழமான சிக்கல் கணக்கெடுப்பில் இருந்தது. முழுமையாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, பகுதியாகச் சேதமான வீட்டுக்கு 1,00,000 ரூபா, வலயத்துக்குள் இருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீட்டுக்கு வீடு. கேட்க நியாயம்தான். ஆனால் இங்கே ஒரே கூரையின் கீழ் மூத்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், பெற்றோர், கல்யாணத்துக்குக் காத்திருந்த இளையவள் எல்லோரும் இருந்தார்கள். போனது ஒரு வீடு, கிடைப்பதும் ஒன்று. அதை யார் பெயருக்கு எழுதுவது? படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டம் இருந்தது. அதில் கணவனின் பெயர் ஏறியது. கடலோடு போனது மனைவியின் சீதன வீடு, திரும்பி வந்தது கணவனின் வீடு. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் 2010-இல் எழுதிய ஆய்வு, இக்கரையோரத்தில் சுனாமிக்குப் பின்னான வீட்டு நாட்டத்தைச் சீதனத்தோடு பொருத்தியே வாசிக்கிறது. நிவாரண அதிகாரிகள் அப்படி வாசித்திருந்தால் ஒரு கட்டத்தை மாற்றுவதோடு பல சிக்கல்கள் தீர்ந்திருக்கும்.

காணி இல்லாத இடத்தில் மாடி கட்டினார்கள். கல்முனை கிறீன் பீல்ட் தொடர்மாடிகள் அவ்வாறு வந்தவை. நகரத் திட்டமிடல் கண்ணோட்டத்தில் அது பிழையான முடிவென்று சொல்ல முடியாது. ஆனால் தொடர்மாடி வீட்டில் வளவு இல்லை. பின்னால் ஒரு அறை இறக்கவோ, மகளுக்கென்று மேலே தட்டுப் போடவோ வழியில்லை. ஒரு தலைமுறைக்கு அது வீடு. அடுத்த தலைமுறைக் குமருக்கு மறுபடியும் கடற்கரையோ வயலோதான்.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் நடந்தது இனி ஒருபோதும் நடக்கக்கூடாதது. சுனாமியில் வீடிழந்தோருக்காகச் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் எழுந்தன. பகிர்வு ஒரு சமூகத்துக்கு மட்டும் போகிறது என்று தொடரப்பட்ட வழக்கில் 2009-இல் உயர் நீதிமன்றம் அந்தப் பகிர்வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பின் வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காடேறின. தீர்ப்பின் நியாயத்தை விவாதிக்கலாம். ஆனால் தீர்ப்புக்கு அமைய வீடுகளைப் பகிராமல் காலங்கடத்திய நிருவாகத்தை எந்த விவாதத்தாலும் காப்பாற்ற முடியாது.

அரச காணிகளைப் பகிர்வதில் 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னுரிமையாளர் பெயர் குறிக்கப்படாதபோது மகளுக்கு முன் மகனை வைத்தது அதன் மூன்றாம் அட்டவணை. மகளுக்கே வீடு என்று வாழும் கரையோரத்துக்கு இதைவிட நேரெதிரான விதி இருக்க முடியாது. பால்பாகுபாடான அந்த ஒழுங்கு 2022-இல் திருத்தப்பட்டது. ஆனால் திருத்தம் வருவதற்கு முன் ஆண்கள் பெயரில் எழுதப்பட்ட பத்திரங்கள் அப்படியே இருக்கின்றன. பிரதேச செயலகங்கள் அவற்றை எடுத்துப் பார்த்து, சீதன வீட்டை இழந்த பெண்ணின் பெயரைக் கூட்டுரிமையாகவேனும் சேர்க்க வேண்டும். மாநகர சபை அடுத்த வீட்டுத் தேவைக் கணக்கெடுப்பை நடத்தும்போது, வீட்டில் எத்தனை பெண் பிள்ளைகள் என்று கேட்க ஒரு நிரல் இருக்கட்டும்.